அப்பா வரைந்த தாள்களை விற்பதற்கு முன்

பட்டர்வொர்த்திலிருந்து 46 வயது ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருடைய தந்தை பகலில் துறைமுகத்தில் குமாஸ்தாவாகவும் இரவில் சித்திரக்கதை ஓவியராகவும் வாழ்ந்தவர். 1970களில் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு மலருக்குப் பக்கத்துக்கு ஐந்து வெள்ளி பெற்றுக்கொண்டு தொடர் வரைந்திருக்கிறார். அதே தொடரின் நாயகனான தோட்டத்துச் சிறுவனை வைத்து 1974 முதல் 1981 வரை 11 காமிக்ஸ் புத்தகங்களைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, பினாங்கு லிட்டில் இந்தியாக் கடைகளிலும் சுங்கை பட்டாணி, கூலிம் பேருந்து நிலையங்களிலும் தாமே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். எல்லாவற்றிலும் புனைபெயர்தான். 1990களின் நடுவில் துறைமுக வேலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குச் சென்று ஓர் அனிமேஷன் நிறுவனத்துக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது படத்தின் காட்சிகளை வரிசையாகக் காட்டும் முன்வரைவு, வரைந்தார். அவற்றில் ஒரு பகுதி, அதே சிறுவனை வைத்துத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன தொடருக்கானது. அந்த நிறுவனம் பின்னர் மூடப்பட்டது. தந்தை 2016இல் உயில் எழுதாமல் காலமானார். 78 வயதுத் தாயாரும், அண்ணன், தம்பி, வாசகி என மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வீட்டில் இப்போது மூன்று பெட்டிகள் உள்ளன: 11 புத்தகங்களின் பிரதிகள், இந்தியன் இங்க் கொண்டு வரைந்த 140 மூலப் பக்கங்கள், ஏறத்தாழ 400 ஸ்டோரிபோர்டுத் தாள்கள், இரண்டு நோட்டுப் புத்தகங்கள். கோலாலம்பூர் சேகரிப்பாளர் ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 18,000 ரிங்கிட் தருவதாகச் சொல்லி, 'எல்லா உரிமைகளும் உட்பட' என்ற வாசகத்துடன் ஒரு பக்க ஒப்பந்தத்தையும் அனுப்பியிருக்கிறார். இதற்கிடையே, மூடப்பட்ட நிறுவனத்தின் சொத்துகளை விலைக்கு வாங்கியதாகக் கூறும் வேறொரு நிறுவனம், சென்ற ஆண்டு முதல் அந்தச் சிறுவனை வைத்து இணையத்தில் காணொளிகள் வெளியிடுகிறது. தந்தையின் பெயர் எங்கும் இல்லை. அண்ணனோ, "அப்பாவின் படங்கள் மூத்த மகனுக்குத்தான் என்று அப்பாவே சொன்னார்" என்கிறார். ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டதாலும், எதையும் பதிவு செய்யாததாலும் பதிப்புரிமை போய்விட்டது என்றும், ஸ்டோரிபோர்டுகள் தம் கையில் இருப்பதால் அவை மட்டுமாவது குடும்பத்துக்குச் சொந்தம் என்றும் வாசகி நம்புகிறார். விற்கலாமா, காணொளிகளை நிறுத்த முடியுமா, தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்காக ஒரு தொகுப்பு வெளியிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: சேகரிப்பாளர் அனுப்பிய ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்திடாதீர்கள். அவர் தவறான எண்ணத்தோடு வந்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. எதை விற்கிறீர்கள் என்பது உங்களுக்கே இன்னும் தெளிவாகாத நிலையில் போடும் கையெழுத்து, பின்னால் திருத்த முடியாததாகிவிடும். இன்னொன்று, உங்கள் நம்பிக்கைகள் ஏறக்குறைய தலைகீழாக இருக்கின்றன. போய்விட்டது என்று நீங்கள் நினைக்கும் புத்தகங்களின் உரிமை பெரும்பாலும் உங்களிடம்தான் இருக்கிறது; உங்களுடையது என்று உறுதியாக நம்பும் ஸ்டோரிபோர்டுகளில்தான் சிக்கல்.

தாள் வேறு, பதிப்புரிமை வேறு

ஒரு மூலப் பக்கத்தை வாங்குபவர் அந்தத் தாளையும் அதன்மேல் உள்ள மையையும் வாங்குகிறார். அதை மறுபதிப்புச் செய்யவோ, அனிமேஷனாக மாற்றவோ, பைகளிலும் சட்டைகளிலும் அச்சிடவோ அவருக்கு உரிமை வந்துவிடாது. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987, பதிப்புரிமையை அசையும் சொத்தாகக் கருதுகிறது. அதை விற்கலாம், உயிலில் எழுதலாம், வாரிசுகளுக்கும் போய்ச் சேரும். ஆனால் உயிருடன் இருப்பவர்கள் அதை இன்னொருவருக்கு மாற்றுவதாக இருந்தாலும், பயன்படுத்த உரிமம் கொடுப்பதாக இருந்தாலும், எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்கிறது 27ஆவது பிரிவு. சேகரிப்பாளரின் தாளில் உள்ள 'எல்லா உரிமைகளும் உட்பட' என்ற மூன்று சொற்களுக்கு உங்கள் கையெழுத்து எழுத்து வடிவம் கொடுத்துவிடும். அதனால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன்.

பதிவைப் பற்றிய கவலை தேவையில்லை. நம் நாட்டில் பதிப்புரிமை, படைப்பு உருவாகும்போதே தோன்றிவிடுகிறது. மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில், அதாவது மைஐபிஓவில், 2012 முதல் தன்விருப்ப அறிவிப்பு முறை இருக்கிறது. அதில் பதிந்துகொண்டால் பின்னர் வழக்கு வரும்போது ஓர் ஆதாரம் கையில் இருக்கும். பதியாததால் உரிமை அழிவதில்லை.

புனைபெயரும் ஐம்பது ஆண்டுக் கணக்கும்

ஐம்பது ஆண்டு என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பொதுவாகப் பதிப்புரிமை, படைத்தவரின் வாழ்நாள் முழுவதும் இருந்து, அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மேலும் 50 ஆண்டுகள் நீடிக்கிறது. உங்கள் தந்தை 2016இல் காலமானதால், இந்தக் கணக்கின்படி 2066 டிசம்பர் இறுதிவரை உரிமை உயிரோடு இருக்கும். 1987க்கு முன் வரைந்தவை என்பதாலும் பாதகமில்லை. அப்போது காலாவதியாகாதிருந்த பழைய படைப்புகளுக்கும் இந்தச் சட்டமே பொருந்துகிறது.

ஆனால் புனைபெயரில் வெளியான படைப்புக்கு வேறு கணக்கு உண்டு. அதை எழுதியவர் யார் என்று தெரியாதவரை, 50 ஆண்டுகள் வெளியீட்டிலிருந்தே எண்ணப்படும். அப்படிப் பார்த்தால் 1974இல் வந்த முதல் புத்தகத்தின் உரிமை 2024 இறுதியோடு முடிந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அடுத்தடுத்த புத்தகங்களும் ஆண்டுக்கு ஆண்டு அதே வழியில் போகும். இந்த ஆபத்தை அதே சட்டமே நீக்கவும் செய்கிறது: படைத்தவரின் அடையாளம் வெளிப்பட்டுவிட்டால், அவருடைய வாழ்நாளோடு 50 ஆண்டு என்ற பொதுக் கணக்குக்குத் திரும்பிவிடலாம். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், கடைசிப் புத்தகத்தின் முன்னுரையில் அப்பா தம் சொந்தப் பெயரோடு புகைப்படமும் போட்டிருந்தார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அந்த ஒரு பக்கம் இந்த விவகாரத்தில் மற்ற எல்லாத் தாள்களையும்விட உங்களுக்கு முக்கியமானது. அதைப் பத்திரமாகத் தனியே எடுத்து வையுங்கள். வெளியிட்டவரின் முகவரியாக உங்கள் பழைய வீட்டு முகவரியே புத்தகங்களில் இருப்பதும் நல்ல துணைச் சான்று.

நாளிதழில் வந்த தொடரைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்பா தாமாக வரைந்து அனுப்பியதை அவர்கள் வெளியிட்டுப் பணம் கொடுத்தார்களா, இல்லை ஆசிரியர் கேட்டு, விலை பேசி, வரையச் சொன்னாரா என்பதைப் பொறுத்தது அது. முன்னதென்றால் உரிமை அப்பாவிடமே தங்கியிருக்கும். பின்னதென்றால் ஒப்படைக்கப்பட்ட வேலை என்ற வகைக்குள் போய், உரிமை நாளிதழுக்குச் சேர்ந்திருக்கலாம். அந்தக் காலக் கடிதங்கள், மணியார்டர்த் துண்டுகள் ஏதாவது இருந்தால் தேடிப் பாருங்கள்.

ஸ்டோரிபோர்டுகள்

"அப்பா அங்கே சம்பள ஊழியர் இல்லை, ஃப்ரீலான்ஸ்தான், ஆகவே உரிமை அவருடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு சில நாடுகளில் இந்த வாதம் எடுபடும். நம் சட்டத்தின் 26ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது: ஊழியர் தம் பணியின்போது செய்த படைப்பாக இருந்தாலும், வெளியாளிடம் ஒப்படைத்துச் செய்யவைத்த படைப்பாக இருந்தாலும், வேறு விதமாக உடன்பாடு இல்லையென்றால், பதிப்புரிமை வேலை கொடுத்தவருக்கே மாறிவிட்டதாகக் கொள்ளப்படும். ஆகவே அந்த 400 தாள்களில் நிறுவனம் கேட்டு, பணம் கொடுத்து வரையச்சொன்னவற்றின் பதிப்புரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போயிருக்கும். தாள்களே யாருக்குச் சொந்தம் என்பதும் கேள்விக்குரியதாகலாம். அந்த நாள்களில் ஸ்டோரிபோர்டை வரைந்து, அதை நகலெடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, மூலத்தை ஓவியரே வீட்டுக்கு எடுத்துச் செல்வது நடந்திருக்கிறது. அதைக் கொண்டு நிறுவனம் அவற்றைக் கைவிட்டது என்று வாதிடலாம். ஆனாலும் இந்தத் தாள்களை உங்களுடையவை என்று உறுதிகூறி விற்றால், நாளைக்கு யாராவது உரிமை கோரும்போது பணத்தைத் திருப்பித் தரவேண்டிய நிலை உங்களுக்குத்தான் வரும்.

இது உங்களை வருத்தும் என்று தெரியும். ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு, அது உங்களுக்குச் சாதகமானது. அந்தச் சிறுவன் ஸ்டோரிபோர்டில் பிறந்தவன் அல்லன். நிறுவனம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவனுடைய முகம், தலைமுடி, கிழிந்த கால்சட்டை, தோளில் தொங்கும் உண்டிவில் எல்லாம் உங்கள் அப்பாவின் புத்தகங்களில் வரையப்பட்டுவிட்டன. அந்தப் பழைய ஓவியங்களின் உரிமை, பின்னர் வரைந்த ஸ்டோரிபோர்டுக்காகக் கிடைத்த சம்பளத்தோடு சேர்ந்து போய்விடாது. அவனைத் தொடராக எடுக்க நிறுவனத்துக்குத் தனி உரிமம் வேண்டும். அது எழுத்தில் இருக்கவேண்டும். அப்படி ஒரு தாள் இல்லையென்றால், நிறுவனத்தின் சொத்துகளை வாங்கியவர்களுக்கும் அந்த உரிமை கிடைத்திருக்காது. விற்றவரிடம் இல்லாதது வாங்கியவரிடம் எப்படி வரும்? ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்: 'தோட்டத்தில் வளரும் குறும்புக்காரச் சிறுவன்' என்ற கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை. உங்கள் அப்பா வரைந்த அந்த உருவத்துக்குத்தான் உண்டு. காணொளியில் வருபவன் எவ்வளவு தூரம் அதே உருவம் என்பதைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் காட்டவேண்டியிருக்கும்.

அப்பாவின் வருங்கால வைப்புநிதிக் கணக்கு அறிக்கை, அதாவது கேடபிள்யூஎஸ்பி தாள், கிடைத்தால் எடுத்து வையுங்கள். நிறுவனம் அவருக்குச் சந்தா கட்டியிருந்தால் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை அவர் ஊழியர் என்பது தெரிந்துவிடும். வீட்டில் தமக்காக வரைந்த அந்த இரண்டு நோட்டுப் புத்தகங்கள் நிறுவனத்தின் பணியில் சேராதவை என்று காட்ட அது உதவும்.

பெயர் விடுபட்டது

பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், படைத்தவரின் பெயரைச் சொல்லாமல் படைப்பை வெளியிடக்கூடாது, அவருடைய மதிப்புக்கு ஊறு விளைவிக்கும் வகையில் அதைச் சிதைக்கக்கூடாது என்று 25ஆவது பிரிவு சொல்கிறது. படைத்தவர் மறைந்தபின் இந்த உரிமையை அவருடைய சட்டப் பிரதிநிதி நிலைநாட்டலாம். 1983இல் ஒளிபரப்பான நம் நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படத்தை ஃபிலெம் நெகாராவில் பணியாற்றியபடி உருவாக்கிய ஆனந்தம் சேவியரின் பெயர் இன்றும் நினைவுகூரப்படுகிறது. படம் அரசு நிறுவனத்தினுடையது. அதைச் செய்த கை அவருடையது என்பதை யாரும் மறுக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கும் அந்த நியாயம் உண்டு, ஸ்டோரிபோர்டுகள் விஷயத்திலும் உண்டு.

காணொளிகளை உடனே நீக்கவைக்க வழி இருக்கிறது. உரிமையாளர் முறைப்படி அறிவிப்புக் கொடுத்தால், இணையச் சேவை வழங்குநர் 48 மணி நேரத்துக்குள் அகற்றவேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. ஆனால் பொய் என்று தெரிந்தே அறிவிப்புக் கொடுப்பது குற்றம்; இழப்பீடும் கட்ட நேரிடும். உரிமை யாரிடம் என்பதை நிரூபிக்கும் தாள்கள் கையில் இல்லாமல் அந்தப் பாதையில் இறங்கவேண்டாம். முதலில் ஒரு வழக்கறிஞர் கடிதம் மூலம், எந்த எழுத்துப்பூர்வ உரிமத்தின் அடிப்படையில் அந்த உருவத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேளுங்கள். வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள் வரை காலம் இருப்பதால், ஒரு மாதம் காத்திருப்பதில் நஷ்டமில்லை. அவர்கள் அந்தச் சிறுவனின் பெயரை வணிகமுத்திரையாகப் பதிய விண்ணப்பித்திருக்கிறார்களா என்பதை மட்டும் மைஐபிஓ தேடலில் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ஆட்சேபம் தெரிவிக்கக் கிடைக்கும் காலம் குறுகியது.

என் சொந்தக் கருத்து: காணொளிகளை அழிப்பதைவிட, அப்பாவின் பெயரைப் போடவைத்து, கால வரம்புள்ள உரிமத்துக்குக் கட்டணம் பெறுவதே நல்ல முடிவாக இருக்கும். நாற்பது ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த ஒரு தோட்டத்துப் பையனை இன்றைய பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதை நான் இழப்பாகக் கருதவில்லை.

மூத்த மகன் என்ற வாதம்

முஸ்லிமல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் சொத்துப் பகிர்வுச் சட்டம் 1958 பொருந்தும். உங்கள் தாத்தா பாட்டி முன்பே காலமாகிவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஆகவே அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடோ, மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடோ அதில் இல்லை. வாய்வார்த்தை உயிலாகாது, உயில் எழுத்தில் இருந்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்தாகியிருக்கவேண்டும். ஆனால் அண்ணனுக்கும் நியாயம் செய்யவேண்டும்: அப்பா உயிரோடு இருக்கும்போதே ஏதாவது பக்கங்களை அவர் கையில் எடுத்துக் கொடுத்திருந்தால், அந்தத் தாள்கள் அன்பளிப்பாக அவருடையவை ஆகலாம். பதிப்புரிமை அப்போதும் போகாது.

இப்போதைக்கு உங்களில் எவருக்கும் குடும்பத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் இல்லை. நீதிமன்றத்தில் சுராட் குவாசா மெந்தாட்பிர் என்று சொல்லப்படும் நிர்வாக அதிகாரக் கடிதத்தை முதலில் பெறுங்கள். அசையும் சொத்து மட்டும் 600,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமல் இருந்தால் அரசு அறங்காவல் நிறுவனமான அமானா ராயா வழியாகச் சுருக்கமாக முடிக்கலாம். ஆனால் இது நிறுவனங்களோடு பேச்சு, ஒருவேளை வழக்கு என்று நீளக்கூடியது என்பதால், அம்மாவையோ உங்களையோ நிர்வாகியாக நியமிக்கும் உயர் நீதிமன்ற ஆணையையே நான் பரிந்துரைப்பேன். விண்ணப்பத்தின் சொத்துப் பட்டியலில் பதிப்புரிமையைத் தனி வரியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். வீடு, வங்கிக் கணக்கு, கார் என்று எழுதிவிட்டு இதை விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

18,000 ரிங்கிட்

விற்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். அம்மாவின் மருத்துவச் செலவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தேவை உண்மையானது. நிர்வாக அதிகாரம் கிடைத்தபின், ஒரே புத்தகத்துக்குப் பல பிரதிகள் இருந்தால் மிகுதியானவற்றையும், மூலப் பக்கங்களில் சிலவற்றையும் விற்கலாம். ஒப்பந்தத்தில், விற்கப்படுவது தாள் மட்டுமே, பதிப்புரிமை குடும்பத்திடமே இருக்கிறது என்பதும், கண்காட்சிக்கோ மறுபதிப்புக்கோ கேட்டால் வாங்கியவர் தாளைத் தந்துதவ வேண்டும் என்பதும் தெளிவாக எழுதப்படட்டும். முன்னுரைப் பக்கமுள்ள புத்தகம், நோட்டுகள், ஸ்டோரிபோர்டுகள் ஆகியவை விற்பனைக்கு வெளியே இருக்கட்டும். சேகரிப்பாளர் உண்மையில் ஓவியத்தை நேசிப்பவராக இருந்தால் இதற்கு ஒப்புவார்; 'எல்லா உரிமைகளும்' இல்லாமல் வேண்டாம் என்றால், அவர் வாங்க வந்தது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தொகுப்பு நூலுக்கு, காமிக்ஸ் புத்தகங்களைப் பொறுத்தவரை பெரிய தடை இல்லை. நாளிதழ்த் தொடரையும் ஸ்டோரிபோர்டுகளையும் முதல் பதிப்பில் சேர்க்காதீர்கள். வெளியானதும் தேசிய நூலகத்துக்கு ஐந்து பிரதிகள் கொடுப்பது வெளியீட்டாளரின் சட்டக் கடமை. இந்த முறை அவருடைய சொந்தப் பெயரும் அங்கே பதிவாகட்டும்.

விற்பதோ விடுவதோ, அதற்கு முன் எல்லாவற்றையும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்துவிடுங்கள். பெட்டியில் பழைய ஃபேக்ஸ் தாள்களும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாளில் எழுத்து ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே போகும், அவற்றை இன்றே நகலெடுங்கள். நிறுவனத்தோடு நடந்த பேச்சு ஏதாவது எழுத்தில் இருக்குமானால், அது அங்கேதான் இருக்கும். துருப்பிடித்த ஸ்டேப்பிள்களை மெல்ல நீக்குங்கள், செல்லோடேப் ஒட்டவேண்டாம், நம் ஊர் ஈரக்காற்றில் தரையோடு ஒட்டிப் பெட்டியை வைக்கவும் வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துபோன ஒன்று. "பலூன்களுக்குள் எழுத்தை அம்மாதான் எழுதுவார், சில நேரம் வசனமும் அவரே சொல்வார்" என்கிறீர்கள். எழுத்தை அழகாக எழுதிக்கொடுத்தது மட்டுமென்றால், அப்பா வரைந்ததற்கு நேரில் கண்ட சாட்சி அம்மா. வசனத்தையும் அவர் படைத்திருந்தால், அந்தப் புத்தகங்களில் அவர் வாரிசு மட்டுமல்லர், கூட்டுப் படைப்பாளியாகவும் இருக்கக்கூடும். அப்போது அவருடைய பங்கு அவருடைய சொந்த உரிமை, எந்த உரிமக் கட்டணத்திலும் அவருக்கு நியாயமான பங்கு உண்டு, பாதுகாப்புக் காலமும் இருவரில் கடைசியாக மறைபவரிலிருந்து எண்ணப்படும். ஆகவே நிர்வாகக் கடிதத்துக்கும் முன்னால் செய்யவேண்டியது இது: ஒரு ஞாயிற்றுக்கிழமை 140 பக்கங்களையும் அம்மா முன் ஒவ்வொன்றாக விரித்து, எது அப்பா எழுதியது, எது தாம் எழுதியது, எந்த ஆண்டு, எந்த வீட்டில் என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணனையும் தம்பியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். பிறகு அந்தக் குறிப்பைச் சத்தியப் பிரமாணப் பத்திரமாக எழுதி, பிரமாண ஆணையர் முன் அம்மா கையெழுத்திடட்டும்; பதிப்புரிமைச் சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி அத்தகைய பத்திரம் முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும். அவருக்கு 78 வயது என்பதை நினைத்து, இந்த ஒரு வேலையை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.